ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும் வண்டி

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் யார்டில் அவர் நொட்டாங்கைதான். ஸ்பேனர் பிடிப்பது, எழுதுவது, தட்டைக் கழுவுவது, கோபம் வந்தால் ஓங்குவது எல்லாமே இடது கை. வலது கை சும்மா கூடவே வந்து நிற்கும், வேலைக்குப் போகாத மச்சான் மாதிரி. ஐம்பதைத் தாண்டிய வயதில் இப்படியொரு பட்டப்பெயரா என்று அவர் வருத்தப்பட்டதில்லை. "பேர்ல என்னங்க இருக்கு, வேலைல கை சுத்தமா இருக்கணும்" என்பார். அந்தப் பேச்சு பின்னால் அவரையே கடித்தது.

யார்டு என்றால் வேறொன்றுமில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பி வேலி போட்ட பொட்டல். உள்ளே பழைய டிராக்டர்கள், கலப்பைகள், டிரெய்லர்கள், பல் போன ரொட்டவேட்டர்கள் வரிசையாக நிற்கும். ஒரு மூலையில் தகரக் கொட்டகை, அதுதான் நொட்டாங்கையின் பட்டறை. வாசல் பக்கம் முதலாளியின் அறை. அதில் ஏ.சி. உண்டு, சுவரை அடைத்த திரை உண்டு. ஏலம் நடப்பது அந்தத் திரையில்தான். அந்தக் காலத்தில் ஏலம் என்றால் ஆள் கூடும், ஒருவன் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பான், இன்னொருவன் எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்ப்பான். இப்போது வாங்குகிறவன் எங்கோ கட்டிலில் படுத்துக்கொண்டு போனைத் தடவுகிறான். வண்டியைத் தொடாமலே வாங்குகிறான். விற்கிறவன் கதை வேறு. சந்தோஷத்தில் யாரும் டிராக்டரை விற்பதில்லை. மழை பொய்த்திருக்கும், அண்ணன் தம்பி பாகம் பிரித்திருப்பார்கள், இல்லை வீட்டில் யாராவது போய்ச் சேர்ந்திருப்பார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பதற்கு இன்று ஆன்லைன் ஏலம் என்று மரியாதையான பெயர்.

தொடாமல் வாங்குகிறவனுக்கு இருக்கிற ஒரே பிடிப்பு வீடியோ. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதலில் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டவேண்டும். வண்டி ஆறிக் கிடக்கிறது, முன்னாலேயே ஓட்டிச் சூடேற்றி ஏமாற்றவில்லை என்பதற்கு அது சாட்சி. பிறகு சாவி. ஒரே திருப்பில் எஞ்சின் பிடிக்கவேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் வந்து நின்றுபோனால் தொலைந்தது. அந்த 'டக்'கைக் கேட்டவன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

பழைய வண்டிகளில் அந்த 'டக்' வருவதற்குப் பாதி நேரம் எஞ்சின் காரணமில்லை, ஒரு சின்ன சுவிட்ச்தான் காரணம். கியர் நியூட்ரலில் இருந்தால்தான் அது செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டு விடும். கியரில் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் வண்டி செத்தது மாதிரி கிடக்கும். கிடக்கவேண்டும். இல்லையென்றால் வண்டி ஆளில்லாமல் பாய்ந்துவிடும். அந்த சுவிட்ச்சில் அழுக்கு ஏறினால் நியூட்ரலிலும் கரண்டு அரைகுறையாகத்தான் போகும், வெறும் 'டக்'தான் வரும். புது சுவிட்ச் வர ஒரு வாரமாகும். முதலாளிக்கோ வீடியோ இன்றைக்கே வேண்டும். அதனால் நொட்டாங்கை சீட்டுக்கு அடியில் மூடியைக் கழற்றி, சுவிட்ச்சுக்குப் போகும் இரண்டு வயரையும் விரல் நீளத் துண்டு வயர் ஒன்றால் இணைத்துவிடுவார். வீடியோ எடுத்த பிறகு பிடுங்கிவிடுவார். யார்டில் அதற்குப் பெயரே வீடியோ வயர். எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. பிடுங்கிவிடுகிறாரே. பெரும்பாலும் பிடுங்கிவிடுவார்.

அந்த நீல டிராக்டர் லாரியில் வந்து இறங்கியபோது கூடவே ஒரு தாயும் மகனும் வந்து இறங்கினார்கள். அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் வண்டியின் ஆவணங்கள். மகன் வாட்டசாட்டமான பையன், கல்யாண வயது. ஆனால் எதிலோ இடித்துக்கொள்ளப் போகிறவன்போல் குனிந்தே நடந்தான். வண்டியை இறக்கும்போது எல்லாரும் கைகொடுத்தார்கள். அவன் மட்டும் கேட்டுப் பக்கமே நின்றுகொண்டான்.

முதலாளி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வண்டியில்ல? நாமதான் மூணு வருஷம் முன்னாடி வித்தோம்" என்றார்.

"ஆமாங்க. இவங்க அப்பா போன்ல பாத்து எடுத்தது" என்றாள் அந்த அம்மா.

கேட்டுப் பக்கமிருந்து பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அந்த வீடியோவ அப்பா போட்டுப் போட்டுப் பாப்பாரு. வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுவாரு. பாருடா, ஒரே திருப்புல பிடிக்குதும்பாரு."

நொட்டாங்கைக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

"இப்ப ஏன்மா விக்கிறீங்க? ஏலப் பக்கத்துல காரணம் போடணும்" என்று கேட்டார் முதலாளி.

"என் வீட்டுக்காரரு இதுல அடிபட்டுதான் செத்தாரு."

அவள் அதைப் பல பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். குரல் உடையவில்லை. காலையில் வண்டியைச் சூடுபண்ணலாம் என்று போனாராம். மேலே ஏறவில்லை, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாராம். வண்டி கியரில் இருந்திருக்கிறது. சக்கரம் அப்படியே ஏறிவிட்டது. சத்தம் கேட்டு ஓடினால் வண்டி வேலியில் முட்டி நிற்கிறது, மனிதர் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறார்.

"முந்தின நாள் வண்டிய கியர்ல விட்டுட்டு வந்தது இவன்தான்" என்று முகவாயால் மகனைக் காட்டினாள்.

பையன் மறுக்கவில்லை. நொட்டாங்கைதான் மனசு கேட்காமல், "சரிவுல நிறுத்தினியா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. கைபிரேக்கு நிக்காது. சரிவுல கியர்ல விட்டுத்தான் நிறுத்தணும்னு அப்பாதான் சொல்லிக்குடுத்தாரு."

"சொல்லிக்குடுத்தவரு போயிட்டாரு. இனிமே நீ என்ன வேணா சொல்லலாம்" என்றாள் அம்மா.

பெற்ற வாய் அப்படிச் சொல்லுமா என்று கேட்கலாம். சொல்லும். துக்கம் தனியாகக் கிடந்தால் தாங்காது, அதற்கு யாராவது ஒரு ஆள் மேல் போய் உட்காரவேண்டும். வீட்டில் மிச்சமிருந்தது அந்தப் பையன் ஒருவன்தான். அவன் வீட்டுக்குள் சாப்பிடுவதில்லை, வண்டி நின்ற கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறான் என்பதெல்லாம் அன்றைக்கே லாரிக்காரன் வழியாக யார்டுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் நொட்டாங்கை வண்டியைச் சோதிக்க ஏறினார். வீடியோ எடுக்கும் பெண் எதிரே போனோடு நின்றாள். அவளை எல்லாரும் வீடியோக்காரி என்பார்கள். நாக்கும் கூர்மை, கண்ணும் கூர்மை. ஏலப் பக்கத்தில் ஏற்றுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகளில் ஒன்று, கியரில் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்பது. ஒன்றும் நடக்கக்கூடாது. அவர் கிளட்ச்சை மிதிக்காமல் திருப்பினார்.

வண்டி பாய்ந்தது. வீடியோக்காரி அலறிக்கொண்டு ஒதுங்கினாள். எதிரே அடுக்கியிருந்த டயர்களில் முட்டி எஞ்சின் நின்றது.

"என்னண்ணே, என்னயும் அனுப்பி வைக்கப் பாத்தீங்களா?" என்றாள் அவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

அவர் இறங்கி, சீட்டுக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றினார். உள்ளே தூசிக்கு நடுவே விரல் நீளத்தில் சிவப்பு வயர் ஒன்று இருந்தது. இரண்டு முனையும் முறுக்கப்பட்டிருந்தன, டேப் சுற்றவில்லை. பிடுங்கிவிடப் போகிற வயருக்கு யார் டேப் சுற்றுவார்கள்? செம்பு பச்சை பூத்திருந்தது. ஊரிலுள்ள மெக்கானிக் எல்லாரும் வயரை வலப்பக்கமாக முறுக்குவார்கள். இது இடப்பக்கம் முறுக்கியிருந்தது.

இத்தனை வருஷம் இது எப்படித் தெரியாமல் போயிற்று என்பதிலும் அதிசயமில்லை. மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறவன் கிளட்ச்சை மிதித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்புவான். அப்போது கியரில் ஸ்டார்ட் ஆனாலும் வண்டி பாயாது, யாருக்கும் சந்தேகம் வராது. ஒருநாள் ஒரே ஒருதடவை ஒருவர் தரையில் நின்று திருப்பினார்.

"என்னண்ணே அது?"

"வீடியோ வயர்."

அவள் சீட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். பிறகு போனில் எதையோ தேடி எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். பழைய வீடியோ. இதே நீல வண்டி, கொஞ்சம் பளபளப்பாக. ஒரு இடது கை வந்து எஞ்சின் மேல் படிகிறது, சாவியைத் திருப்புகிறது, ஒரே திருப்பில் எஞ்சின் பிடிக்கிறது. கையின் பின்னால் யாருடைய முகமும் தெரியவில்லை.

அவருக்கு எதுவுமே நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு மழையா வெயிலா, ஏன் பிடுங்காமல் விட்டார், யாராவது கூப்பிட்டார்களா, போன் வந்ததா? ஒன்றும் இல்லை. பெரிய பாவம் செய்த நாள் மனசில் தழும்பாக நிற்கும் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். அவருக்கு அந்த நாள் ஆயிரம் நாளோடு சேர்ந்து கரைந்துபோயிருந்தது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

வயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

முதலாளி கெட்டவர் இல்லை. கணக்குப் பார்க்கிற மனுஷர், அவ்வளவுதான். முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கழட்டிட்டியா?"

"கழட்டிட்டேன்."

"மூடிய மாட்டிடு. புது சுவிட்ச் நான் வரவழைக்கிறேன்."

"அந்தப் பையன் முதலாளி. அவந்தான் அப்பனக் கொன்னான்னு பெத்தவளே சொல்லிட்டிருக்கா."

"யோவ், உக்காரு. இப்பப் போய் நீ இதச் சொன்னா என்னாகும்? கேஸுன்னு வண்டியப் பிடிச்சு வச்சிருவாங்க. அது வெயில்லயும் மழையிலயும் கிடந்து மண்ணாப் போகும். அந்தம்மாவுக்கு வேற நாதி இருக்கா? இந்தக் காசுதான். உன் மனசு சுத்தமாகறதுக்கு அவங்க பட்டினி கிடக்கணுமா?" முதலாளி குரலை இறக்கினார். "சொல்லாதேன்னா சொல்றேன்? ஏலம் முடியட்டும். வண்டி கைமாறட்டும். அப்புறம் நீயே போய்ச் சொல்லு, நானும் கூட வரேன்."

பாம்பும் சாகணும், கம்பும் உடையக்கூடாது என்கிற வழி. அதில் பாதி நியாயமும் இருந்தது, அதுதான் ஆபத்து. முழுப் பொய்யென்றால் நொட்டாங்கை அங்கேயே எழுந்து போயிருப்பார். அவருக்கும் பயம்தான். வேலை போகும், ஜெயில்கூட வரலாம். நாலு நாள் தள்ளிப்போடச் சொல்லி யாராவது ஒரு காரணம் கொடுக்கமாட்டார்களா என்று உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தார். கிடைத்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

அவர் மனைவி வீட்டில் துணி தைத்துக் கொடுப்பவள். அவர் சொல்லச் சொல்லத் தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தப் பையனுக்கு என்ன வயசிருக்கும்?"

"நம்ம மூத்தவன் வயசு."

"அப்ப இப்பவே போய்ச் சொல்லிட்டு வாங்க."

"முதலாளி சொல்றதும் நியாயமாத்தானே படுது. அவங்களுக்கும் காசு வேணும்ல."

"காசு அவங்களுக்காகவா, உங்களுக்காகவா?"

 அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அழுக்குச் சட்டையிலிருந்து அந்த வயரை எடுத்து, மறுநாள் போடப்போகும் சட்டைப் பையில் வைத்துவிடுவாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

ஏலப் பக்கத்தில் வண்டி ஏறியது. 'குடும்பத்தினர் விற்பனை, ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும்' என்று போட்டார்கள். எதுவும் பொய்யில்லை, புது சுவிட்ச் வந்ததும் ஆகத்தானே போகிறது. கேட்கிற விலையும் ஏறிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை புது சுவிட்ச் வந்தது. நொட்டாங்கை அதை மாட்டி, ஏறி உட்கார்ந்து, கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை திருப்பினார். சின்ன 'டக்'கூட இல்லை. பட்டறையில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. அன்றைக்குக் காலையில் அந்த மனிதருக்கு நடந்திருக்க வேண்டியது இதுதான். சாவியைத் திருப்பியிருப்பார், வண்டி சும்மா கிடந்திருக்கும். "சனியன் பிடிச்ச பய, கியர்ல விட்டுட்டுப் போயிருக்கான்" என்று மகனைத் திட்டிக்கொண்டே மேலே ஏறியிருப்பார். அதோடு முடிந்திருக்கும். நொட்டாங்கை சீட்டிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அன்று மத்தியானம் அந்தப் பையன் தனியாக வந்தான். பஸ்ஸில் வந்து, நெடுஞ்சாலையிலிருந்து நடந்து வந்திருக்கிறான். செருப்பெல்லாம் புழுதி.

"ஒண்ணும் இல்லண்ணே. வண்டியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாமா?"

"உக்காரு தம்பி."

ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தான். சாவி பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. கொஞ்சம் பொறுத்து, அவர் முகத்தைப் பாராமல் கேட்டான்.

"ஒருத்தன் சொன்னாண்ணே. வண்டி கியர்ல இருந்தா, சாவியத் திருப்புனாலும் ஸ்டார்ட் ஆகக்கூடாதாமே. அப்படி ஒரு சுவிட்ச் இருக்காமே. நிஜமா?"

கேட்டேவிட்டான். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வேண்டும் என்று பஸ் பிடித்து வந்திருக்கிறான். வயர் சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஏலம் முடிகிறது, இன்னும் மூன்று நாள்தான் என்று அவர் மனசு கணக்குப் போட்டது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் முதலாளியின் தலை தெரிந்தது. நொட்டாங்கை அழுக்குத் துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த கையைத் திரும்பத் துடைத்தார்.

"புது வண்டில அப்படி. இது பழைய வண்டி தம்பி. சிலது... ஆகும்."

"அப்ப நான்தான்" என்றான் பையன்.

கேள்வியாகச் சொல்லவில்லை. நெடுநாள் இழுத்துக்கொண்டிருந்த விஷயம் முடிந்துவிட்ட மாதிரிச் சொன்னான். இறங்கி வந்தான். "நல்ல ஆளு கைக்குப் போகட்டும்ணே" என்று வண்டியின் பின்சக்கரத்தைத் தொட்டுவிட்டு நடந்தான். நொட்டாங்கை கேட்டுவரை பின்னாலேயே போனார். கூப்பிட வாயைத் திறந்தார். "தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்பதுதான் வந்தது. "வேண்டாண்ணே" என்று அவன் போய்விட்டான். அந்தச் சாவியை ஒரு தடவை திருப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தாலே போதும். அதைக்கூடச் சொல்லவில்லை. மனிதர் மேல் எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

திங்கட்கிழமை அந்த அம்மா மட்டும் வந்தாள். முதலாளி அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் விலை ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஏலத்தில் ஒரு விதி உண்டு. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது விலை ஏற்றினால் நேரம் இன்னும் இரண்டு நிமிடம் நீளும். முடியப் போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எங்கோ ஒருவன் ஏற்றுவான், மறுபடி நீளும். வாங்குகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, வெறும் நம்பர்தான்.

"நல்லா போகுதும்மா" என்றார் முதலாளி.

அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

நொட்டாங்கை வாசலருகே நின்றிருந்தார். "தம்பி வரலியாம்மா?" என்று கேட்டார்.

"அவன் எங்க இருக்கான்னே தெரியலண்ணே. வெள்ளிக்கிழமை காலையில கிளம்பினவன், வீடு திரும்பல. போன் அணைஞ்சு கிடக்கு. சொந்தக்காரங்க, கூட்டாளிங்க எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. போலீஸ்லயும் சொல்லியாச்சு."

நேரம் நீண்டது. முதலாளி கண்ணாலேயே 'பொறு' என்றார். அவர் பொறுத்தார். ஒருவன் ஏற்றினான், மறுபடி நீண்டது. அதற்குமேல் அவரால் முடியவில்லை. பையிலிருந்து வயரை எடுத்து அவள் முன்னால் மேஜையில் வைத்தார்.

"யோவ்!" என்று முதலாளி எழுந்தார்.

"உங்க பையன் மேல தப்பே இல்லம்மா. கியர்ல இருந்தா அந்த வண்டி ஸ்டார்ட் ஆகவே கூடாது. ஆகவச்சது இந்த வயரு. மூணு வருஷம் முன்னாடி வீடியோ எடுக்கறதுக்காக இதப் போட்டது நான். எடுக்க மறந்ததும் நான்."

அவள் வயரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்துனூண்டு வயர். அவளுக்குப் பின்னால் திரையில் விலை அதுபாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை.

"இத எப்பப் பாத்தீங்க?"

"வண்டி வந்த மறுநாளே."

"வெள்ளிக்கிழமை அவன் இங்க வந்தானா?"

"வந்தான்."

"என்ன கேட்டான்?"

அவர் சொன்னார். தான் சொன்ன பதிலையும் சொன்னார். ஒரு எழுத்தை மறைக்கவில்லை.

அவள் எழுந்து வந்து அவர் கன்னத்தில் அறைந்தாள். அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"என் புருசன் செத்தது தெரியாம நடந்தது. அத நான் என்னைக்காவது விட்டிருப்பேன்" என்றாள். "எம்புள்ளைய நீ தெரிஞ்சே அனுப்பிச்சிருக்க." அதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் விழுந்து, மூக்கை முந்தானையால் அழுத்திக்கொண்டு அழுதாள். "நானும்தான். உன் மூஞ்சியில முழிக்கவே பிடிக்கலடான்னு வியாழக்கிழமை ராத்திரி சொன்னேன். பெத்த வாயால சொன்னேன்."

வண்டி விற்றுப்போனதாகத் திரை மணியடித்தது. நல்ல விலை.

அவள் அழுகை நின்றபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் போனு என்னைக்காவது தொறப்பான்ல? தொறந்தா முதல்ல இது அவன் கண்ணுல படணும். வண்டிய விக்கிறதுக்கு வீடியோ எடுக்கறீங்கல்ல, எம்புள்ளைக்கு ஒண்ணு எடுங்க."

"அது உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிறது" என்று முதலாளி நொட்டாங்கையின் காதருகே சொன்னார். "நாளைக்கு அதான்யா சாட்சி."

"போட்டுக்கறேன் முதலாளி."

வீடியோக்காரி போனைப் பிடித்தாள்.  நொட்டாங்கை நீல டிராக்டர் பக்கத்தில் நின்றார். பழக்க தோஷம், இடது உள்ளங்கை தானாகவே எஞ்சின் மேல் போய் உட்கார்ந்தது. இத்தனை வருஷ வீடியோக்களில் வெறும் கையாக இருந்தவர் அன்றைக்குத்தான் முகத்தைக் காட்டினார். வயரைத் தூக்கிக் காட்டி நடந்ததைச் சொன்னார். வெள்ளிக்கிழமை பொய் சொன்னதையும் சொன்னார். பிறகு மேலே ஏறி, கியரில் போட்டு, சாவியைத் திருப்பினார். எந்தச் சத்தமும் வரவில்லை.

"இதான் தம்பி அன்னைக்கு நடந்திருக்கணும். நீ உங்கப்பா சொன்னபடிதான் செஞ்ச. வீட்டுக்கு வா."

நொட்டாங்கையின் போனிலிருந்தே பையன் நம்பருக்கு அனுப்பினார்கள். ஒற்றை டிக்தான் விழுந்தது, அவன் போனுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். வண்டியை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. வாங்கியவனைப் பற்றி நம்பரைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. நொட்டாங்கை தானே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கொடுத்தார், வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. வீடியோ வயர் என்ற வார்த்தையையே கேள்விப்பட்டதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை போயிற்று. இப்போது ஒரு பம்புசெட் ரிப்பேர் கடையில் இருக்கிறார். அங்கே யாருக்கும் அவருடைய பட்டப்பெயர் தெரியாது. எதையாவது இணைத்தால் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்ப்பதால், கை மந்தம் என்று கடைக்காரருக்கு அலுப்பு.

வயர் அந்த அம்மாவிடம் இருக்கிறது. மகன் வந்தால் கையில் கொடுக்கவேண்டுமாம். அவன் இருக்கிறானா இல்லையா என்று இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

ஆனால் தினமும் சாயங்காலம் அவருக்கு ஒரு போன் வரும். உலகத்தில் யார் குரலைக் கேட்கவே அவள் கூசவேண்டுமோ, அவரைத்தான் கூப்பிடுவாள். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"பாத்துட்டானா?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, அந்த வீடியோவைத் திறந்து பார்ப்பார். பார்க்காமலே தெரியும், இருந்தாலும் பார்ப்பார்.

"இன்னும் இல்லம்மா. ஒரு டிக்தான்."

அவள் போனை வைத்துவிடுவாள். மறுநாளும் கூப்பிடுவாள்.